சௌகத் அலியின் கைக்கடிகாரம்

குளிப்பாட்டி முடித்து, அத்தாவின் உயிரற்ற உள்ளங்கையில் கற்பூரப் பொடியைத் தடவும்போதுதான் அசாருக்கு உறைத்தது. கடிகாரத்தைக் காணோம். அவருக்கு ஸ்டென்ட் வைத்த பிறகு அவன் பார்த்துப் பார்த்து வாங்கிக் கொடுத்தது. நடையையும் நாடித்துடிப்பையும் அவன் போனுக்கே அனுப்பிவிடும்.

ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு போனைத் திறந்தான். அதன்படி அத்தா சௌகத் அலி இன்று காலையும் நடந்திருந்தார். நாடி இப்போதும் துடித்துக்கொண்டிருந்தது. அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேற்று மதியம் கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்த மனிதரின் கையிலிருந்து எவனோ உருவியிருக்கிறான்.

அதன்பின் ஆறுதல் சொல்ல வந்தவர்களின் முகத்தை அவன் பார்க்கவேயில்லை. பார்த்ததெல்லாம் மணிக்கட்டுதான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய மச்சான் ஜைத்தின் கையைக்கூட அவன் விட்டுவைக்கவில்லை.

கபர்ஸ்தானில் எல்லோரும் மண் போடக் குனிந்தபோது, லோகநாதன் மட்டும் மரத்தடியில் ஒதுங்கி நின்றார். அத்தாவுக்குக் காலை நடைத்துணை. அரைக்கைச் சட்டையைத் தவிர வேறறியாத ஆள், இந்த வேக்காட்டில் முழுக்கை போட்டுப் பொத்தானும் மாட்டியிருந்தார்.

அசார் நேரே போய் அவர் சட்டைக்கையை மேலே தள்ளினான். கடிகாரம்.

"நீங்களா மாமா?"

"ஐயோ, எடுக்கல கண்ணு. பாய்தான் குடுத்தாரு. ரெண்டு மாசமா திருநீர்மலை ரோட்டுல கொஞ்சம் நடந்தாலே நெஞ்ச இறுக்குதுன்னு பெஞ்சுல உக்காந்துக்குவாரு. இத கயட்டி என் கையில மாட்டி, நீ நடந்துட்டு வாய்யாம்பாரு. நேத்து திரும்ப வாங்கிக்க மறந்துட்டாரு. இன்னிக்கும் கயட்ட மனசு வராம மாட்டிக்கினே நடந்தேன்."

போன வாரம் டாக்டரிடம் அவன் பெருமையாகக் காட்டியது இந்த ஆளின் நாடியைத்தான்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ கடைக்குப் போக வுட மாட்டியாமே. உக்காந்தா வலி போயிடுது, வாயுவாத்தான் இருக்கும்னு நெனச்சோம். நானும் வாய மூடிக்கினு இருந்துட்டேன்."

ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது அசாருக்கு.

"பெஞ்சுல உக்காந்துகினு சொல்லுவாரு," என்றார் லோகநாதன். "'நல்லா வேகமா நட லோகு, எம்புள்ள பாத்து சந்தோசப்படணும்'னு."

தினமும் காலையில் அவன் சந்தோஷப்பட்டுக்கொண்டுதான் இருந்தான்.

பிடித்த கையை விடாமலே அவரைக் குழியருகே கூட்டிப்போனான். ஜைத் நகர்ந்து இடம் விட்டான்.

"மூணு பிடி மண்ணு, மாமா. தலைமாட்டுப் பக்கமா போடுங்க."