விசேஷம் இல்லாத வீடு

"காசு இல்லன்னு எவன் சொன்னான்? கீது. ஊர் பூரா கீது," என்றான் நரசிம்மன்.

டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டு அவன் கையில் இருந்தது. பின்பக்கத்தில் குறைத்து எழுதியிருப்பாளோ என்று தேடுபவனைப் போல அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கனகம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான்கு மாதமாக அவளுக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. கர்ப்பப்பையில் கட்டி, எடுத்தாக வேண்டும், ஒரு மாதத்துக்கு மேல் தள்ளினால் உடம்பில் ஓட ரத்தம் இருக்காது என்று பூந்தமல்லி நர்சிங் ஹோமில் சொல்லிவிட்டார்கள். மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் காசு வேண்டாம்தான். ஆனால் அங்கே பொங்கல் கழித்து வரச் சொல்லித் தேதி போட்டிருந்தார்கள். இப்போது ஆடி மாதம்.

ஊர் பூரா காசு இருக்கிறது என்று நரசிம்மன் சொன்னது பொய்யில்லை. தண்டலத்துக்கு இந்தப் பக்கம் அவர்கள் ஊரில் எந்த வீட்டில் காது குத்தினாலும், எந்தப் பெண் பெரியவளானாலும், யாருக்குத் தாலி ஏறினாலும் அவன் மொய் எழுதிவிடுவான். கல்யாணமான பதினான்கு வருஷமாக ஒரு வீடு விடவில்லை. எழுதியதை எல்லாம் ஒரு நீளமான நோட்டில் குறித்து, பெட்டியில் பூட்டி வைத்திருந்தான். ஹைவேஸ் ஓரத்துக் கம்பெனியில் அவன் கான்ட்ராக்டில் லோடு ஏற்றுகிறவன். இ.எஸ்.ஐ. கார்டு பெர்மனென்ட் ஆட்களுக்குத்தான். கான்ட்ராக்ட் ஆளுக்கு உடம்புக்கு வந்தால் அன்றைய கூலியும் கிடையாது. அதனால் என்ன, அவனுக்கு ஊர் இருந்தது. போஸ்டாபீசில் போட்ட காசு தூங்கும், மனுசனிடம் போட்ட காசு எழுந்து நடந்து வரும் என்று டீக்கடையில் உட்கார்ந்து மற்றவர்களுக்குப் பாடம் எடுப்பான்.

கனகம் போஸ்டாபீசை நம்பினாள். ஜாக்கெட் தைத்துக் கொடுத்து, மாதம் இருபதும் முப்பதுமாக ஆறு வருஷம் அவசரத்துக்கென்று சேர்த்தாள். போன வருஷம் நரசிம்மனின் தங்கை பாஞ்சாலியின் மகள் பெரியவளானாள். தாய்மாமன் வரிசைத் தட்டு எடுக்காமல் தெருவில் தலைகாட்ட முடியுமா? அவசரம் என்றான் நரசிம்மன். போஸ்டாபீஸ் புத்தகம் அன்றோடு தீர்ந்தது. ஒரு பெண்ணுக்குக் கர்ப்பப்பை வேலை செய்ய ஆரம்பித்ததைக் கொண்டாட ஆறு வருஷத்துச் சேமிப்பு மேளத்தோடு போயிற்று. இன்னொரு பெண்ணுக்கு அதே கர்ப்பப்பையை எடுக்க இப்போது வீட்டில் அறுபது ரூபாய் இருந்தது. இதில் எது அவசரம் என்று கனகம் கேட்டிருக்கலாம். கேட்கத் தெம்பில்லை.

"ஊர் பூரா கீதுன்னா போய் வாங்கினு வாய்யா," என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு நரசிம்மன் கிளம்பினான். ஒருவரும் முகத்தில் அடித்த மாதிரி இல்லை என்று சொல்லவில்லை. உட்கார வைத்தார்கள், மோர் கொடுத்தார்கள், கனகத்தின் உடம்பைக் கேட்டு உச்சுக் கொட்டினார்கள். பங்காளி மகன் ஜீவானந்தம் ரேஷன் கடையில் எடை போடுகிறவன். மூன்று குழந்தைகளுக்கும் காது குத்தி மூன்று தடவையும் நரசிம்மனிடம் மொய் வாங்கியவன். அவன்தான் நியாயத்தை விளக்கினான்.

"கைமாத்துன்னா எங்கிட்ட இல்ல சித்தப்பா. மொய்ன்னா நீ கேக்கவே வாணாம். ஒரு விசேஷம் வையி, மொத ஆளா நான் வந்து எழுதறேன்."

அன்று ஆறு வீட்டில் அதே பதில். மொய் திரும்பி வர விசேஷம் வேண்டும். விசேஷம் வைக்க வீட்டில் பிள்ளை வேண்டும். பிள்ளையில்லாத வீட்டில் என்ன விசேஷம் வரும்? பதினான்கு வருஷமாக இந்த ஒரு கேள்வி நரசிம்மனுக்குத் தோன்றவே இல்லை. ஒவ்வொரு தடவை எழுதும்போதும் அடுத்த வருஷம் குழந்தை பிறந்துவிடும் என்று நினைத்திருப்பான் பாவம். கனகமும் அப்படித்தான் நினைத்தாள்.

வழி கண்டுபிடித்தவள் பாஞ்சாலி. ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து வந்தாள், கனகத்துக்கு ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொடுத்தாள், தலையில் எண்ணெய் தேய்த்துவிட்டாள். பிறகு அண்ணனுக்கும் அண்ணிக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, ஒருவருக்கும் நஷ்டமில்லாத யோசனை ஒன்றைச் சொன்னாள்.

"அண்ணி தப்பா எடுத்துக்காத. எப்டியும் கர்ப்பப்பைய எடுக்கப் போறாங்க. இனிமே உனக்குப் புள்ள இல்ல. அண்ணன் இன்னொரு கல்யாணம் பண்ணிக்கட்டும். எங்க ஓர்ப்படி தங்கச்சி ஒருத்தி கீறா, சாதுவான பொண்ணு. கல்யாணம்னு வச்சா மொய் அத்தினியும் வந்துரும். அந்தக் காசுல மொத செலவா உன் ஆபரேஷனப் பண்ணிடலாம்."

அவள் மனசறிந்து கெடுதல் நினைக்கவில்லை. அதுதான் கொடுமை. கனகம் புருஷனைப் பார்த்தாள். அவன் சட்டென்று வேண்டாம் என்று சொல்வான் என்று காத்திருந்தாள். நரசிம்மன் கட்டைவிரல் நகத்தைப் பார்த்துக்கொண்டே, யோசிக்கலாம் என்றான். அவளுக்கு வயிற்றுவலிகூட ஒரு நிமிஷம் மறந்துபோயிற்று.

மறுநாள் காலை கனகம் இருந்த அறுபது ரூபாயை முந்தானையில் முடிந்துகொண்டு ஸ்ரீபெரும்புதூருக்குப் போனாள். பஸ்ஸில் நின்றுகொண்டே போனாள், உட்கார்ந்தால் சீட்டு கறையாகிவிடும் என்ற பயம். கோயில் தெருவில் பத்திரிகை அடிக்கும் பிரஸ்ஸில், கல்யாணமா காதுகுத்தா என்று கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் வாசகம் தயாராக இருக்கிறதாம், பேரை மட்டும் சொன்னால் போதுமாம். தன் விசேஷத்துக்கு வாசகம் இருக்காது, தானே சொல்வதாகச் சொன்னாள் கனகம். எழுத்துக் கோர்க்கிற ஆள் குனிந்தபடி எழுதிக்கொண்டே வந்தவன், நடுவில் நிமிர்ந்தான்.

'நிகழும் பிரஜோற்பத்தி வருஷம் ஆவணி மாதம் 16ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் இல்லத்தில், என் கர்ப்பப்பையை எடுக்கும் ஆபரேஷனை முன்னிட்டு நடைபெறும் விசேஷத்துக்குத் தாங்கள் சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து மொய் எழுதிச் சிறப்பிக்கும்படி கேட்டுக்கொள்ளும், கனகம்.'

பிரஜோற்பத்தி என்றால் பிள்ளை உண்டாவது என்று அர்த்தம், அந்த இடத்தில் வருஷத்தின் பேரையாவது விட்டுவிடலாமே என்று அவன் தயங்கினான்.

"வருஷத்துக்கு நானா பேர் வச்சேன்? போடுங்க," என்றாள் கனகம்.

பத்திரிகை வீடு வீடாகப் போனபோது ஊர் சிரித்தது, பிறகு கோபப்பட்டது, பிறகு கணக்குப் பார்த்தது. கோபத்தில் பெரிய கோபம் நரசிம்மனுடையது. ஷிப்டில் கூட இருக்கிறவர்கள் கேட்டுக் கேட்டுச் சிரிக்கிறார்கள், மானம் போயிற்று என்று கத்தினான்.

"ரெண்டாங் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிச்சா மானம் போவாது. இதுக்குத்தான் போவுதா?" என்று கேட்டுவிட்டு கனகம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அந்த ஞாயிறு காலை வாசலில் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டிருந்தது. வந்தவர்களுக்கு ஆளுக்கு ஒரு போண்டா, ஒரு டீ. எல்லாம் மொய் வந்ததும் தருவதாகச் சொல்லி வாங்கிய கடன். ஊரில் எல்லா விசேஷத்துக்கும் மொய் எழுதுகிற ரத்தினம், கூட்டுறவுச் சங்கத்துக் குமாஸ்தா, சின்ன மேஜையைப் போட்டு உட்கார்ந்தார். பத்து மணி வரை ஒருவரும் வரவில்லை. கனகம் நாற்காலியில் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உயிர் அந்தத் தெருமுனை திரும்பி வர வேண்டியிருந்தது.

பிறகு வந்தார்கள். வராமல் இருக்க முடியாது. வாங்கின மொய்யைத் திருப்பாதவன் என்ற பேர் வந்துவிட்டால் நாளைக்கு அவன் வீட்டு விசேஷத்துக்கு ஈ காக்கை எட்டிப் பார்க்காது. பத்திரிகையில் என்ன விசேஷம் போட்டிருந்தாலும் மொய் மொய்தான். ஊரின் சட்டத்தை வைத்தே ஊரைக் கட்டியிழுத்து வந்துவிட்டாள் அவள்.

ஆனால் சட்டத்தில் இன்னொன்றும் உண்டு. மொய்யைத் திருப்பும்போது வாங்கியதற்கு மேலே கொஞ்சமாவது கூட்டி வைக்க வேண்டும். அந்தக் கூடுதலில்தான் உறவு நிற்கிறது. அட்சரம் பிசகாமல் வாங்கியதை மட்டும் வைத்தால், உன் சங்காத்தமே வேண்டாம் என்று அர்த்தம். ஜீவானந்தம் நரசிம்மனின் பழைய நோட்டைப் புரட்டச் சொல்லி, தன் பேரில் இருந்ததை அப்படியே எண்ணி வைத்தான். ஒரு ரூபாய்கூட மேலே இல்லை. அவனுக்குப் பின்னால் வந்தவர்களும் அதையே செய்தார்கள். டீக்கடையில் பேசி வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று ரத்தினத்துக்குப் புரிந்துவிட்டது. பாஞ்சாலி போண்டாவைத் தொடவில்லை. தன் பங்கை மேஜையில் வைத்துவிட்டு, "இத்தோட தீந்துச்சு அண்ணி," என்றாள்.

மத்தியானத்துக்குள் மூவாயிரத்து எண்ணூறு சேர்ந்துவிட்டது. நரசிம்மன் பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். ஊரே தங்களைக் கைகழுவிவிட்டது, இனி நல்லது கெட்டதுக்கு யார் வருவார்கள் என்று புலம்பினான். கனகம் காலிப் பந்தலைப் பார்த்தாள். இவர்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் எத்தனை விடியற்காலை உட்கார்ந்து காய் நறுக்கியிருக்கிறாள். அவள் பிழைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் ஒரு ரூபாய் கூடுதலாக வைக்கத் தோன்றவில்லை. பிழைத்துக்கொள்வேன், போங்கள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைத்துக்கொண்டாள்.

ரத்தினம் மேஜையை மடிக்கும்போது கோவிந்தம்மா வந்தாள். பக்கத்துத் தெருக்காரி, கம்பெனி கேண்டீனில் பாத்திரம் கழுவுகிறவள். இருபத்தேழு வயசில் புருஷனைப் பறிகொடுத்தவள், பிள்ளைகுட்டி இல்லை. இந்த இருபது வருஷத்தில் எந்த வீட்டு விசேஷத்திலும் யாரும் அவளைப் பந்தலுக்குள் கூப்பிட்டதில்லை. கனகம் ஒரு பத்திரிகை கொடுத்திருந்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு, பதினோரு ரூபாயை மேஜையில் வைத்தாள்.

பழைய நோட்டில் அவள் பேரில் ஒன்றுமே இல்லை. ரத்தினம் தேடிப் பார்த்துவிட்டு, அவள் திருப்ப வேண்டியது எதுவும் கிடையாது என்றார்.

"திருப்பறதுக்கு வரல. புதுசா எழுது," என்றாள் கோவிந்தம்மா.

ரத்தினம் பேனாவை மூடினார். அவர் நல்ல மனிதர், ஒரு ஏழையின் காசு வீணாகப் போகக் கூடாது என்று நினைத்தார். "சொல்றதைக் கேளு கோவிந்தம்மா. உன் வூட்ல எந்த விசேஷமும் வரப் போறதில்ல. இவங்க இதை எதுக்குன்னு உனக்குத் திருப்பி எழுதுவாங்க?"

கோவிந்தம்மா ரூபாயை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"ஜொரம்னு எழுதிக்க. அது எல்லார் வூட்டுக்கும் வரும்."