கேப்டன் கதவைத் திறந்தாள்

அந்த டிவித் தொடரை எழுதியவன் என் கையில் கிடைத்தால் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன். விண்கலம் முழுக்கக் கேமரா வைத்திருக்கிறாயே, அதை யாராவது ஒரு நாளாவது பார்த்தார்களா? வேற்றுக்கிரகப் பூஞ்சை தொற்றியவன் வாயில் நுரை தள்ள நடைபாதையில் ஆடி ஆடி வருகிறான். பக்கத்து அறையில் நான்கு பேர் உட்கார்ந்து அவன் எங்கே போனான் என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். தலைக்கு மேலேயே திரை எரிந்துகொண்டிருக்கிறது. நிமிர்ந்து பார்த்தால் கழுத்து சுளுக்கிவிடுமா?

எனக்கு இவ்வளவு எரிச்சல் வரக் காரணம் இருக்கிறது. என் பிழைப்பே திரையைப் பார்ப்பதுதான். காய்கறிகளை உறையவைத்துப் பொட்டலம் போடும் குளிர்பதனக் கிடங்கில் வேலை. அங்கே குளிரை உண்டாக்குவது அம்மோனியா. மூச்சில் ஏறினால் நெஞ்சைச் சுட்டுவிடும், கண்ணில் பட்டால் கண்ணைத் தின்றுவிடும். அதை அழுத்தி ஓட்டும் இயந்திரங்கள் எல்லாம் ஒரு பெரிய கூடத்தில் இருக்கின்றன. அதை ஒட்டிக் கண்ணாடி வைத்த, காற்றுப் புகாத சின்ன அறையில் உட்கார்ந்து மானிகளையும் கேமராத் திரைகளையும் பார்ப்பது என் வேலை. என் கணவர் அந்தக் கூடத்தில் மெக்கானிக். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். "வீட்லதான் பார்த்துக்கறீங்க, இங்கயுமா?" என்று பொட்டலம் போடும் ஹாலில் கிண்டல் செய்வார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, குளித்து, தட்டில் எதையாவது போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் அந்தத் தொடர்தான். இவருக்கு அது உயிர். எனக்கு அது ரத்தக்கொதிப்பு. அந்நிய கிரகத்தில் இறங்கியவுடன் தலைக்கவசத்தைக் கழற்றுவார்கள். இருமல் வந்தவன் யாரிடமும் சொல்லாமல் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வான். ஆபத்து என்று தெரிந்ததும், "நாம தனித்தனியா பிரிஞ்சு தேடுவோம்" என்று ஒரு புத்திசாலி சொல்வான். நான் கத்துவேன். இவர் சிரிப்பார்.

"இன்ஸ்பெக்டர் அம்மா, கொஞ்சம் வாயை மூடிட்டுப் பாரு. கதை ஓடிடப்போகுது."

"கதை இருந்தாத்தானே ஓடறதுக்கு."

அன்றைக்கு வந்த காட்சியில் சண்டையே வந்துவிட்டது. அந்தக் கப்பலின் கேப்டன் ஒரு பெண். அவள் புருஷனுக்குப் பூஞ்சை தொற்றிவிட்டதோ என்ற சந்தேகத்தில் அவனைத் தனியறையில் பூட்டிவைத்திருக்கிறார்கள். அவன் கண்ணாடியில் இரண்டு கையையும் வைத்து, "திற, நான்தான்" என்று அழுகிறான். இவள் பார்க்கிறாள், பார்க்கிறாள், திறந்துவிடுகிறாள். இருவரும் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். அடுத்த காட்சியில் எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள்! அவனுக்கு இருமல்கூட இல்லை. கட்டிப்பிடித்ததில் பூஞ்சை வெட்கப்பட்டு ஓடிவிட்டதாம்.

நான் ரிமோட்டைச் சோபாவில் எறிந்தேன். "முட்டாள்! கப்பல் முழுக்க ஆளுங்க இருக்காங்க, இவ பாட்டுக்குத் திறந்து விடறா."

"உள்ள இருக்கறது அவ புருஷன்."

"அதனால? புருஷன்னா பூஞ்சை ஒட்டாதா?"

"சரி, நீயா இருந்தா என்ன பண்ணுவ?"

"திறக்க மாட்டேன்."

"சும்மா சொல்லாத."

"சத்தியமா திறக்க மாட்டேன்."

இவர் சிரித்தார். ஆனால் வழக்கமான சிரிப்பு இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போகும்போது, "கொஞ்சம் யோசிச்சாவது சொல்லியிருக்கலாம்" என்றார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாளிலிருந்து இவருக்கு ஒரு புது விளையாட்டு. வேலைக்கு நடுவில் என் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பார். இரண்டு கையையும் விரித்து ஒட்டிவைத்து, கண்ணை மேலே செருகி, வாயைக் கோணி, "கேப்டன்! திற, நான்தான்!" என்று தட்டுவார். இயந்திரச் சத்தத்தில் குரல் கேட்காது, வாயசைப்புதான் தெரியும். நான் முறைத்துக் கையை வீசி விரட்டுவேன். இது பழகிப்போய்விட்டது.

அதனால்தான் அந்தக் காலையில் இவர் கண்ணாடியைத் தட்டியபோது நான் சிரித்தேன். ஏதோ மானியின் அளவைக் குறித்துக்கொண்டிருந்தவள், நிமிர்ந்து பார்த்து, போங்க போங்க என்று கையை வீசிவிட்டுத் திரும்பக் குனிந்துகொண்டேன். அவர் இன்னும் பலமாகத் தட்டினார். நடிப்பு நாளுக்கு நாள் நன்றாகிக்கொண்டே வருகிறது என்று நினைத்தேன்.

அபாயமணி அலறியது. நிமிர்ந்தால், அவர் முதுகுக்குப் பின்னால் கூடத்தின் நடுவே குழாய் இணைப்பு ஒன்றிலிருந்து அம்மோனியா வெள்ளையாகப் பீய்ச்சிக்கொண்டிருந்தது.

அந்தக் கூடத்துக்கு இரண்டு கதவுகள். பின்கதவு முற்றத்தில் திறக்கும். உள்ளேயிருந்து தள்ளினால் போதும், தப்பிக்கிற வழி அதுதான். வெளியே கண்ணையும் உடம்பையும் கழுவத் தண்ணீர்க்குழாய் இருக்கிறது. முன்கதவு என் அறைக்குப் பக்கத்தில், பொட்டலம் போடும் ஹாலுக்குள் திறக்கும். வாயு கசிந்தால் அது தானாகப் பூட்டிக்கொள்ளும். அதைத் திறக்கும் சுவிட்ச் என் மேஜையில் சின்ன மூடிக்குள் இருக்கிறது. ஹால் காலியான பிறகு, முகமூடி போட்டுக்கொண்டு உள்ளே போகிறவர்களுக்காக அது. அதற்கு முன் திறந்தால் வாயு நேராக ஹாலுக்குள் பாயும். ஹாலில் நாற்பது பெண்கள்.

இவர் முன்கதவுக்கு வந்து நின்றுவிட்டார். வாயு பின்கதவுக்கும் அவருக்கும் நடுவில் இருந்தது. பயத்தில் எவனுக்கும் கிட்ட இருக்கிற கதவுதான் கண்ணில் படும். பூட்டிக்கொண்ட கதவை இழுத்தார், உதைத்தார், மறுபடி கண்ணாடிக்கு ஓடி வந்தார். இரண்டு கையையும் விரித்து ஒட்டிவைத்தார். "திற, நான்தான்." அதே வாயசைப்பு. இந்த முறை கண்ணை மேலே செருகவில்லை. நேராக என்னைப் பார்த்தார்.

நான் வெளியேற்று விசிறிகளைப் போட்டேன். விசிறிகள் வலது பக்கம். வெள்ளைப் படலம் மெல்ல அந்தப் பக்கம் இழுபட்டது. இடது சுவரை ஒட்டி ஓர் ஆள் போகிற அளவுக்கு இடம் தெளிந்தது. ஒலிபெருக்கியை அமுக்கினேன்.

"பின்னாடி போங்க! இடது பக்கம் சுவரைப் பிடிச்சுட்டே போங்க!"

தலையை ஆட்டினார். மாட்டேன் என்கிறாரா, கேட்கவில்லை என்கிறாரா, புரியவில்லை. கண்ணாடியை உள்ளங்கையால் அடித்தார்.

என் அறைக் கதவு படாரென்று திறந்தது. ஹால் சூப்பர்வைசர் அக்கா. மூச்சிரைக்க உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"ஹால் காலியாயிடுச்சா அக்கா?"

"பாதிப் பேரு இன்னும் வாசல்ல நெருக்கியடிச்சுட்டு நிக்கறாங்க. ஐயோ, அது உன் வீட்டுக்காரர் இல்ல?"

"ஆமா."

"திறடி! என்ன பார்த்துட்டு நிக்கற? திற!"

அக்காவின் கை மூடியை நோக்கிப் போனது. நான் அந்தக் கையை அடித்தேன். நன்றாகவே அடித்தேன். என்னைவிட வயதில் மூத்தவர், என் தம்பிக்குப் பெண் பார்த்துக் கொடுத்தவர். "பாதிப் பேரு உள்ள இருக்காங்கன்னு நீங்கதானே சொன்னீங்க!" என்று கத்தினேன்.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டார். அப்போதுதான் கவனித்தேன், என் வலது கை தானாக அந்த மூடியைத் திறந்து வைத்திருந்தது. எப்போது திறந்தது என்று தெரியவில்லை. விரல் சுவிட்சின் மேல் இருந்தது. அந்த விரலை நம்புவதற்கில்லை. கையை இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்து, நாற்காலியில் அழுந்த உட்கார்ந்தேன். கண்ணாடி வழியாக அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் முகத்தில் ஏதோ ஒன்று அணைந்தது.

இடது கையால் ஒலிபெருக்கியை அமுக்கினேன். இத்தனை வருட வாழ்க்கையில் ஒரு தரம்கூட அவரை ஒருமையில் கூப்பிட்டதில்லை.

"போடா! இங்க நிக்காத, போடா! திறக்க மாட்டேன், போ!"

திரும்பினார். சட்டையை இழுத்து மூக்கை மூடிக்கொண்டார். ஒரு கை சுவரில். வெள்ளைப் படலம் அவரை விழுங்கிவிட்டது.

முற்றத்துக் கேமரா திரையில் பின்கதவு தெரிந்தது. சாத்தியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அக்கா ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார், பிரார்த்தனையாக இருக்கலாம். கதவு அசையவில்லை. நான்தான் கொன்றுவிட்டேன் என்ற நினைப்பு வந்தது. வந்த பிறகும் கை தொடைக்கு அடியில்தான் இருந்தது. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

கதவு திறந்தது. அவர் முற்றத்தில் தவழ்ந்து வந்து குப்புற விழுந்தார். யாரோ இரண்டு பேர் ஓடிவந்து தண்ணீருக்கு இழுத்துக்கொண்டு போனார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நுரையீரல் தப்பித்தது என்றார். கண்ணில் மேல்தோல்தான் வெந்திருக்கிறது, ஆறிவிடும், அதுவரை கட்டு அவிழ்க்கக் கூடாது என்றார். கிடங்கில் எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். சூப்பர்வைசர் அக்கா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டுப் போனார். இவரோ தண்ணீர் கேட்டார், போர்வை கேட்டார், மணி என்ன என்று கேட்டார். அந்தக் கதவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அப்படித்தான். கட்டுப் போட்ட முகம் எந்தப் பக்கம் திரும்பினாலும் என்னைத்தான் பார்க்கிற மாதிரி இருந்தது. திட்டிவிட்டால் தேவலை என்று இருந்தது எனக்கு.

நேற்று சாயங்காலம் திடீரென்று, "அந்தத் தொடரைப் போடு" என்றார்.

"புதுசு வந்திருக்கு, போடவா?"

"வேண்டாம். அந்தக் கதவு வந்துதே, அது."

போட்டுவிட்டுச் சோபாவில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். சத்தம் அவருக்குக் கேட்டது, படத்தை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"இப்ப என்ன பண்றா?"

"கதவுகிட்ட நிக்கறா."

"அவன்?"

"கண்ணாடில கை வச்சிருக்கான். அழறான்."

"அவ கை எங்க இருக்கு?"

"சுவிட்ச் மேல."

பின்னணியில் வயலினை இழு இழு என்று இழுத்தார்கள். பிறகு கதவு விலகுகிற சத்தம்.

"திறந்துட்டாளா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. "திறந்துட்டா" என்றேன்.

"முட்டாள்" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். கிண்டல் இல்லை. முகம் திரைப் பக்கமே இருந்தது.

"அவ திறப்பான்னு நம்பினா எவன் நகருவான்? அங்கயேதான் நிப்பான். நானும் நின்னேன். கண்ணு எரியறதுக்கு முன்னாடி கடைசியா பார்த்தது, நீ கையைக் கீழ போட்டு அது மேல உட்கார்ந்தியே, அதைத்தான். அப்பத்தான் திரும்பினேன்." கொஞ்ச நேரம் இருமினார். "அதோட நீ 'டா' போட்டது கிடங்கு முழுக்கக் கேட்டிருக்கு. பசங்க இனிமே என்னை மதிப்பானுங்களா?"

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். திரையில் அந்தப் பெண் புருஷனைக் கட்டிப்பிடித்து, அவன் முதுகைத் தடவித் தடவி அழுதுகொண்டிருந்தாள். எத்தனை முறை ஏசியிருப்பேன் அவளை.

"அவளை ஒண்ணும் சொல்லாதீங்க" என்றேன். வாய்விட்டு அழுதேன்.

அவர் ஒரு கையை நீட்டி என் மடியில் துழாவினார். இடது கையைப் பிடித்து, விட்டுவிட்டு, மறுபடி துழாவினார்.

"இன்னொரு கை எங்க?"

குனிந்து பார்த்தேன். வலது கை தொடைக்கு அடியில் இருந்தது. எடுத்து அவரிடம் கொடுத்தேன்.