விட்டுப்போன எழுத்து

தங்கசாமி பதினோராவது தடவையாகக் கிக்கரை உதைத்தார். மோட்டார் சைக்கிள் ஒருமுறை இருமிவிட்டு அடங்கியது.

"பெட்ரோல் இருக்குதுங்களா?" என்றாள் சௌந்திரம்.

"நேத்துத்தான் போட்டேன்."

"அப்புறம் என்னங்க கேடு அதுக்கு?"

அவர் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, வேட்டி முனையில் துடைத்து, வாயால் ஊதி மறுபடி மாட்டினார். சௌந்திரம் பனியனும் துண்டும் மாற்றுச்சேலையும் திணித்த பையை நெஞ்சோடு அணைத்தபடி புளியமரத்தடியில் நின்றிருந்தாள். வீட்டிலிருந்து புறப்பட்டு ஐந்து மைல்கூடத் தாண்டவில்லை. ஆத்தூருக்கு இன்னும் எட்டு மைல் இருந்தது. அங்கிருந்து சேலம். சேலத்திலிருந்து திருச்செங்கோட்டு ரோட்டில் அவள் பிறந்த கரட்டுக்காடு.

தந்தி காலை எட்டு மணிக்கு வந்தது. இங்கிலீஷ் தந்தி. தங்கசாமி அதை வாங்கிக்கொண்டு பக்கத்துக் காட்டுப் பச்சமுத்து வாத்தியாரிடம் ஓடினார். பின்னாலேயே சௌந்திரமும் ஓடினாள். வாத்தியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தார்.

"இறந்துட்டாங்க, உடனே பொறப்படுன்னு போட்டிருக்கு."

"யாருங்க?" என்றாள் சௌந்திரம்.

"அதுதாம்மா தெரியல. 'ஓ'வுல ஆரம்பிச்சு அதர்னு இருக்கு. முன்னால ஓரெழுத்து விட்டுப் போயிருந்தா மதர். அம்மா. ரெண்டெழுத்து விட்டுப் போயிருந்தா பிரதர்."

"பிரதர்னா?"

வாத்தியார் தங்கசாமியைப் பார்த்தார்.

"தம்பி" என்றார் தங்கசாமி.

திருச்செங்கோட்டிலிருந்து வந்தது என்பதைத் தவிர அனுப்பியவர் பெயரும் இல்லை. கொண்டுவந்தவனைக் கேட்டதற்கு, கம்பியில் வந்ததை அப்படியே எழுதியிருக்கிறார்கள், தனக்கு ஒன்றும் தெரியாது என்று சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

அம்மா சென்னியம்மாளுக்கு எழுபத்திரண்டு வயது. இரண்டு வருஷமாகக் கண் பார்வை மங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். தம்பி பாலசுந்தரத்துக்கு முப்பத்தைந்து. திருச்செங்கோட்டில் ஒரு ரிக் கம்பெனியில் லாரி ஓட்டுகிறான். போர் போடும் லாரியோடு ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று கிளம்பினால் மூன்று மாதம் நான்கு மாதம் ஊர்ப்பக்கம் வரமாட்டான். அம்மாவாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் அப்படித்தான் சொல்லிக்கொண்டாள். ஆனால் இந்த லாரிக்காரர்களை எந்த ரோட்டில் எது கொண்டுபோகும் என்று யாருக்குத் தெரியும்?

பன்னிரண்டாவது உதைக்கும் வண்டி கிளம்பவில்லை. தங்கசாமி அதைப் பக்கத்துக் களத்தில் தள்ளிக்கொண்டு போய் நிறுத்திவிட்டு வந்தார். அரைமணி கழித்து வந்த பஸ்ஸில் படிக்கட்டில் தொற்றிக்கொண்டு ஆத்தூர் போய்ச் சேர்ந்தார்கள்.

அன்றைக்கு முகூர்த்த நாள். டாக்சி ஸ்டாண்டில் ஒரு கார்கூட இல்லை.

"ரஷீத் பாய் மண்டியில போன் இருக்குது" என்றார் தங்கசாமி. "ரிக் ஆபீஸ் நம்பர் எங்கிட்ட இருக்குது. கேட்டுட்டே போயிரலாம்."

தங்கசாமியின் நிலக்கடலையை வருஷாவருஷம் எடுப்பவர் ரஷீத் பாய். விஷயத்தைக் கேட்டதும் சௌந்திரத்துக்கு நாற்காலியை எடுத்துப் போட்டுவிட்டு, கறுப்புப் போனை இழுத்து எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டார்.

"திருச்செங்கோடுங்க. சாதாரணம் இல்ல, லைட்னிங் கால் போடுங்க. ஒரு மவுத்து விஷயம், கொஞ்சம் பாருங்கம்மா."

லைட்னிங் கால் என்றால் மின்னல் மாதிரி வருமாம். ஒருமணி நேரம் ஆயிற்று. போன் இரண்டு தடவை அடித்தது. முதல் தடவை சேலத்திலிருந்து யாரோ புளி விலை கேட்டார்கள். இரண்டாம் தடவை ராங் நம்பர். வெளியே இரண்டு சேலம் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. சௌந்திரம் ஒவ்வொரு ஹாரனுக்கும் எழுந்து எழுந்து உட்கார்ந்தாள்.

"போயிரலாமுங்க."

"இவ்வளவு நேரம் இருந்தாச்சு. இந்நேரம் வந்துரும்மா" என்றார் ரஷீத் பாய்.

மூன்றாம் தடவை அடித்தபோது பாய் எடுத்து, "திருச்செங்கோடு வந்துருச்சு, பேசுங்க பேசுங்க" என்று தங்கசாமியிடம் நீட்டினார். சௌந்திரம் அதைப் பிடுங்கிக்கொண்டாள். காதுக்குள் மாவு சலிப்பது போல ஒரே இரைச்சல். அதற்கு அடியில் எங்கோ ஓர் ஆண் குரல்.

"ஹலோ! ஹலோ, யாருங்க?"

"நான் பாலசுந்தரத்தோட அக்கா பேசறனுங்க! அவன் இருக்கறானுங்களா?"

"ஆருங்க? சத்தமாச் சொல்லுங்க!"

"பாலு! பாலசுந்தரம்!" மண்டியில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"பாலண்ணனுங்களா? பாலண்ணன் இல்லீங்க! நேத்தே..."

டக்கென்று ஒரு சத்தம். இரைச்சலும் போய்விட்டது.

"ஹலோ? நேத்தே என்னங்க? ஹலோ!"

ரஷீத் பாய் வாங்கித் தட்டித் தட்டிப் பார்த்தார். எக்ஸ்சேஞ்சில் லைன் போய்விட்டது என்றார்கள். எப்போது வரும் என்று தெரியாதாம்.

"என்ன சொன்னாங்க?" என்றார் தங்கசாமி.

"இல்லீங்கறாங்க."

"ஆபீசுல இல்லீங்கறாங்களா, இல்ல..."

"இல்லீங்கன்னுதான் சொன்னாங்க. அவ்வளவுதான் கேட்டுது." அவள் குரல் கிறீச்சிட்டது. "எனக்கு எப்படித் தெரியும்? அந்தச் சனியன் அதுக்குள்ள அறுந்து போச்சு!"

அடுத்த சேலம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. வாழப்பாடி தாண்டியதும் பின்சக்கரம் வெடித்தது. எல்லோரையும் இறங்கச் சொல்லிவிட்டு டிரைவரும் கண்டக்டரும் ஸ்டெப்னியைக் கழற்றினார்கள். அதுவும் பஞ்சராகத்தான் இருந்தது. போன வாரமே ஒட்டச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும் என்றான் கண்டக்டர். கொடுத்தாயா என்று கேட்டான் டிரைவர். இருவரும் ரோட்டிலேயே நின்று சண்டை போட்டுவிட்டு, ஒரு மாட்டுவண்டியில் டயரைப் போட்டு வாழப்பாடிக்கு அனுப்பினார்கள். அந்த வழியே வந்த பஸ்கள் நிரம்பி வழிந்தன. கை காட்டினால் வேகத்தைக் கூட்டின.

வெயில் உச்சியில் இருந்தது. சாலையோரத்து மைல்கல்லின் மேல் உட்கார்ந்தாள் சௌந்திரம்.

பாலுவின் முகத்தைப் பார்த்து இரண்டு வருஷம் ஆகிறது. அவள் மகள் வயதுக்கு வந்த சீருக்குத் தாய்மாமன் அவன். பச்சை ஓலையில் குச்சு கட்ட வேண்டும், பட்டு எடுத்து வர வேண்டும், முதல் சீர்வரிசை அவனுடையது. பந்தல் முழுக்க ஜனம். பத்து மணிக்கு வருவான், பதினொன்றுக்கு வருவான் என்று பார்த்துப் பார்த்து, கடைசியில் தங்கசாமியின் மச்சினன் முறைக்காரன் ஒருவனைக் கூப்பிட்டு மாமன் இடத்தில் நிற்கவைத்தார்கள். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு பேசியது அவள் காதில் விழுந்தது. மூன்றாம் நாள் ஒரு தந்தி வந்தது. லாரி ராய்ச்சூர் பக்கம் ஆக்சில் உடைந்து நிற்கிறது என்று. நடந்து முடிந்த சீருக்கு மூன்று நாள் கழித்து வந்த தந்தி. அவள் அதைக் கிழித்து அடுப்பில் போட்டாள். அடுத்த வாரம் அவன் பட்டுச்சேலையும் வெள்ளிக் கொலுசுமாக வந்து வாசலில் நின்றான். மூன்று லாரி மாறி வந்தேன், நடந்தும் வந்தேன், நேரத்துக்கு வர முடியவில்லை என்றான்.

"லாரி ஒடஞ்சுதாம். நல்லாக் கதை சொல்லு" என்று அவள் சொன்னாள். "இனி இந்த வாசல மிதிக்காத."

அவன் பையை வாசற்படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனான். தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

ரோட்டில் டிரைவர் ஜாக்கியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான். சக்கரம் கழற்றிய பஸ் ஒருபக்கம் சாய்ந்து நின்றது. கைக்குழந்தைக்காரி ஒருத்தி யாரையும் பார்க்காமல் திட்டிக்கொண்டே இருந்தாள்.

"ஏனுங்க."

"என்ன?"

"எங்கம்மாவா இருக்கோணுமுங்க."

சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டாள். யாராவது கேட்டார்களா என்று சுற்றிலும் பார்த்தாள். தங்கசாமி துண்டை எடுத்து உதறி, அவள் தலைமேல் வெயிலுக்குப் போட்டுவிட்டார்.

சேலத்தில் இறங்கியபோது மணி மூன்று. திருச்செங்கோட்டு பஸ் பத்து நிமிஷத்துக்கு முன்னால்தான் போயிற்று என்றார்கள். அடுத்தது நாலு மணிக்கு. அதுவும் வந்தால்தான். பொழுது இறங்குவதற்குள் எடுத்துவிடுவார்கள். தங்கசாமி மேற்கே போகும் ரோட்டுக்கு அவளை நடத்திக்கொண்டு போய், போகிற வண்டிகளையெல்லாம் மறித்தார். ஒரு ரிக் லாரி நின்றது. சாவுக்குப் போகிறோம் என்றார் தங்கசாமி. பின்னால் இரும்புக் குழாய்கள் அடுக்கியிருந்தன.

"கேதமுங்களா? ஏறுங்கம்மா" என்றார் டிரைவர். "எந்த ஊரு?"

"கரட்டுக்காட்டுப் பிரிவுல எறக்கி விட்டாப் போதுங்க" என்றார் தங்கசாமி.

லாரி திருச்செங்கோட்டு லாரி. கண்ணாடிக்கு மேலே எழுதியிருந்த கம்பெனிப் பெயர் வேறு. ஆனால் ரிக் ஓட்டுகிறவர்கள் ஒருவரையொருவர் அறிவார்கள். தங்கசாமி தொண்டையைச் செருமினார்.

"ஏனுங்க, உங்களுக்குப் பாலசுந்தர..."

சௌந்திரம் அவர் தொடையைப் பிடித்து அழுத்தினாள். நகம் பதியுமளவுக்கு அழுத்தினாள்.

"ஆருங்க?" என்றார் டிரைவர்.

"ஒண்ணுமில்லீங்க" என்றார் தங்கசாமி.

காலையிலிருந்து யாரையாவது கேட்டுத் தெரிந்துகொள்ளத் துடித்தவள், இப்போது அந்த ஆளின் வாயையே பயத்தோடு பார்த்துக்கொண்டு வந்தாள். அவர் இருமினால்கூட அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மல்லசமுத்திரம் வரைக்கும் அவர் டீசல் விலையைப் பற்றியும் ரோட்டின் குழிகளைப் பற்றியும் பேசிக்கொண்டே வந்தார். கேபினுக்குள் என்ஜின் சூடு முழங்காலைச் சுட்டது.

பிரிவில் இறங்கியதுமே பறைச் சத்தம் கேட்டது. இன்னும் எடுக்கவில்லை. வண்டித்தடத்தில் அவள் ஓடினாள். செருப்பு வார் அறுந்தது. செருப்பை அங்கேயே விட்டுவிட்டு ஓடினாள். பின்னால் பையோடு தங்கசாமி கத்திக்கொண்டே வந்தார்.

வாசலில் தென்னங்கீற்றுப் பந்தல். அவளைக் கண்டதும் பெண்கள் ஒருசேர எழுந்து "அய்யோ சௌந்திரம்!" என்று ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள். பெரியம்மா முறையான ராமாயி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். யார் தலையோ யார் கையோ மறைத்தது. யாரைச் சொல்லி அழுகிறார்கள் என்று ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. கட்டில் எங்கே இருக்கிறது என்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை. அவள் அதைத் தேடவும் இல்லை. பெண்களின் தலைகளுக்கு மேலாக எட்டி, ஆண்கள் நின்ற பக்கத்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

பந்தக்கால் ஓரம் ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, பாடைக்கு மூங்கில் வெட்டச் சொல்லிக்கொண்டிருந்தான். திரும்பினான்.

பாலு.

தாடி வளர்ந்து, கண்கள் வீங்கி, போன தடவைக்கு இளைத்திருந்தான். அவளைப் பார்த்ததும் ஓரடி எடுத்து வைத்துவிட்டு, வரலாமா கூடாதா என்பது போல அங்கேயே நின்றான்.

"வாக்கா" என்றான். "தந்தி நேத்துச் சாயங்காலமே குடுத்துட்டேன். இவ்வளவு நேரமா வரலயேன்னு..."

அவள் பெண்களை விலக்கிக்கொண்டு போனாள். கட்டிலைத் தாண்டிப் போனாள். இரண்டு கைகளாலும் அவன் நெஞ்சில் ஓங்கி ஓங்கி அடித்தாள். அவன் தடுக்கவில்லை. சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்து, தோளைப் பிடித்து உலுக்கி, மறுபடி அடித்தாள். அவள் வாயிலிருந்து என்ன சத்தம் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

"அடிக்கட்டும் உடு சாமி" என்றாள் ராமாயி பின்னாலிருந்து. "பெத்தவ மேல அத்தன உசிரு அவளுக்கு. கடைசியாப் பாக்கக் குடுத்து வெக்கலயே."

"நேத்து மத்தியானம் சோறு உண்டுபோட்டுப் படுத்துதுக்கா" என்றான் பாலு. குரல் உடைந்தது. "நான் ஆபீசுல இருந்தேன். ஆள் வந்து சொன்னதும் அப்படியே ஓடியாந்தேன். ஒருவாய்த் தண்ணிகூட ஊத்த முடியல."

தங்கசாமி மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். பாலு அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"தந்தி எப்ப மாமா கெடச்சுது? தெளிவா எழுதித்தானே குடுத்தேன்."

தங்கசாமி சௌந்திரத்தைப் பார்த்தார்.

"காலையில வந்துது மாப்ள. வழியெல்லாம் வண்டி கோளாறு" என்றார்.

பெண்கள் சௌந்திரத்தை நடத்திக் கொண்டுபோய்க் கட்டிலருகே உட்கார வைத்தார்கள். சென்னியம்மாளுக்கு நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தது. வாய் கட்டியிருந்தது. பார்வை மங்கிய கண்கள் இரண்டும் மூடி, கோபம் ஏதுமில்லாத முகமாக இருந்தது. அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் சௌந்திரம் கால்மாட்டுக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். இரண்டு பாதங்களையும் கைகளால் மூடிக்கொண்டாள். ஜில்லென்றிருந்தன. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து நடந்து குதிகால் முழுக்க வெடிப்பு.

"அழுதுரு சாமி. மனசுல வெச்சுக்காத, அழுதுரு" என்று யாரோ முதுகைத் தடவினார்கள்.

பாடை கட்டுகிற இடத்தில் யாரோ பாலுவிடம் ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினார்கள். நேற்றிலிருந்து அவன் எதுவும் குடிக்கவில்லை போலும். அண்ணாந்து மடமடவென்று குடித்தான். தண்ணீர் தாடியில் வழிந்து சட்டையை நனைத்தது. ஒவ்வொரு மடக்குக்கும் அவன் தொண்டை முடிச்சு மேலே ஏறி இறங்கியது.

சொம்பு தீரும்வரை சௌந்திரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.