மாற்றி வைத்த கடன்

ஷிப்டு முடிந்து வந்த மாரிசெல்வி, தலையில் அப்பியிருந்த பஞ்சைக்கூடத் தட்டாமல், மில் வாசலில் ஒப்படைத்திருந்த போனைக் கேட்டு வாங்கினாள். அதற்குள் பதினெட்டுத் தடவை யாரோ கூப்பிட்டிருந்தார்கள். பத்தொன்பதாவது அழைப்பு கையிலேயே வந்தது.

"ஒங்க கார்டு பாக்கி இருபத்தஞ்சாயிரத்து அறுநூத்தி நாப்பது. திங்கக்கெழமைக்குள்ள கட்டணும். இல்லன்னா மில்லு மேனேஜர்கிட்டயே வந்து பேசுவோம்."

"எந்தக் காசு? அந்தக் கார்டத்தான் அஞ்சு மாசத்துக்கு முன்னாலயே முடிச்சாச்சே!"

"பேங்குல போய்க் கேளுங்க."

கார்டு கொடுத்த பேங்கு கோவில்பட்டி பஜாரில் இருந்தது. அங்கே யூனிபாரத்தோடேயே போனாள். டோக்கன் வாங்கி உட்கார்ந்தபோது வயிறு காந்தியது. காலையில் குடித்த டீதான்.

அந்தக் கிரெடிட் கார்டு அவள் கேட்டு வாங்கியதில்லை. சம்பள நாளில் மில் வாசலில் மேஜை போட்டு, கையைப் பிடிக்காத குறையாகக் கொடுத்தார்கள். அவள் புருஷன் இராமச்சந்திரனை மேய்ச்சலிலிருந்து திரும்பும்போது பைக்காரன் ஒருவன் இடித்துவிட்டுப் போனான். காலுக்குத் தகடு வைக்கக் கிடை ஆட்டில் பெரும்பகுதியை விற்றும் போதவில்லை. மிச்சம் அறுபத்திரண்டாயிரத்துக்கு ஆஸ்பத்திரியில் அந்தக் கார்டைத்தான் தேய்த்தாள். மாதம் நூற்றுக்கு மூணே முக்கால் வட்டி. நாலு பெட்டையாடு மட்டும் நின்றது, அப்போதுதான் சினை பிடித்திருந்தது. அதையும் விற்றுக் கட்டிவிடலாம் என்றான் இராமச்சந்திரன்.

"அது மட்டும் ஆவாது. இதுவும் போச்சுன்னா நீங்க எத மேய்ப்பீய?" என்று ஒரேயடியாக மறுத்துவிட்டாள்.

அந்த வாரம்தான் வேறொரு பேங்கின் ஏஜெண்டு மணிராஜ் வந்தான். "எக்கா, அந்தக் கடன எங்க கார்டுக்கு மாத்திருங்க. ஆறு மாசத்துக்கு வட்டியே கெடையாது. மாத்துறதுக்கு நூத்துக்கு ரெண்டு ரூவா சார்ஜ், அதுக்கு வரி, அம்புட்டுதான். பழைய பேங்குக்கு நாங்களே கட்டிருவோம்."

இது என்ன பெரிய வித்தை! அடகு நகையைக் கடை மாற்றி வைப்பது அவளுக்குப் பழகின சங்கதி. புதுக்கடைக்காரன் பணத்தோடு கூடவே வருவான், பழைய கடையில் கட்டி நகையை மீட்பான், தன் கடைக்குக் கொண்டுபோவான். அதோடு பழைய கடை வாசலை மிதிக்க வேண்டாம். மாரிசெல்வி கையெழுத்துப் போட்டாள். வீட்டுக்கு வந்து பழைய கார்டைக் கத்தரியால் இரண்டாக வெட்டிப் போட்டாள். பழைய பேங்கிலிருந்து போன் வந்தபோதெல்லாம் சிரிப்புத்தான் வந்தது. கைவிட்டுப் போன ஆளை அடகுக்கடைக்காரனும் இப்படித்தான் விடாமல் கூப்பிடுவான். எடுக்கவே இல்லை. புதுக் கார்டுக்கு மட்டும் மாதம் நாலாயிரம் தவறாமல் கட்டினாள். ஐப்பசியில் கடையில் அரிசி கடன் சொல்லிவிட்டுக்கூடக் கட்டினாள்.

இப்போது அந்தப் பழைய பேங்கின் கவுண்டரில் இருந்த விஜி கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"எக்கா, அந்தப் புது பேங்குக்காரவிய கட்டுனது நாப்பத்தஞ்சாயிரந்தான். ஒங்களுக்கு அங்கன கார்டு லிமிட் அறுவதாயிரமா இருந்திருக்கும். அதுல முக்காவாசிதான் மாத்துவாவ. மிச்சம் பதினேழாயிரம் இங்கனயே கெடந்திருக்கு. அதுக்கு வட்டி, மாசாமாசம் லேட் பீசு, அதுக்கு வரி."

"பாதி நகைய இங்கனயும் பாதிய அங்கனயுமா வைப்பான்? மீட்டா முழுசாத்தான தாயி மீட்கணும்?"

"நகை வேற, இது வேறக்கா. மெசேஜ் வந்திருக்குமே."

"எல்லாம் இங்கிலீசுல வந்துச்சு. கார்டத்தான் வெட்டிட்டேனேம்மா!"

"பிளாஸ்டிக்கத்தான வெட்டிருக்கீங்க." விஜியின் குரல் கொஞ்சம் இறங்கியது. "அந்தப் புதுக் கார்டுலயும் இன்னும் பாக்கி இருக்கா?"

"இதுல பாரு தாயி," என்று புது பேங்கு மெசேஜோடு போனை நீட்டினாள்.

"இருபத்தாறாயிரத்துச் சொச்சம் இருக்கு. ஆறு மாசம் முடிஞ்சா அதுக்கும் வட்டி ஏறும். பாத்துக்கிடுங்க."

மாரிசெல்விக்குத் தன் மேலேயே ஆத்திரம் பொங்கியது. மணிராஜுக்குப் போன் போட்டாள். அந்த நம்பர் உபயோகத்தில் இல்லையாம். நாசமாப் போவான் என்று வாய்விட்டே திட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்டு வியாபாரி பிச்சையா மினி லாரியோடு வந்தார். இராமச்சந்திரன் காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து நாலு ஆட்டையும் பிடித்து வந்தான். பிச்சையா ஒவ்வொன்றின் வயிற்றையும் அமுக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"நாலும் சினையால்லா இருக்கு! கறிக்கடைக்காரன் தொட மாட்டான். உருப்படிக்கு ஆறரை தாரேன்."

"பத்து நாளுல குட்டி போட்டிரும் அண்ணாச்சி. ஒம்போதாவது குடுங்க."

"அப்பம் பத்து நாளு கழிச்சே வாரேன்."

அவர் வண்டியைப் பார்த்து நடந்தார். இராமச்சந்திரன் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் மில் மேனேஜரை நினைத்தாள்.

"நில்லுங்க அண்ணாச்சி, புடிச்சிட்டுப் போங்க," என்றாள். இராமச்சந்திரன் கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தான்.

பிச்சையா இருபத்தாறாயிரத்தை எண்ணி அவள் கையில் வைத்தார். வண்டியில் ஏற்கெனவே இருபது முப்பது ஆடு ஒன்றன்மேல் ஒன்று நெருக்கிக்கொண்டு நின்றது. டிரைவர் இறங்கி வந்து ஒரு பெட்டையின் பின்னங்காலைப் பிடித்து இழுத்தான்.

"ஏலே, கால விடுலே!" பிச்சையா பதறி ஓடினார். "சினை கலைஞ்சிரும்லே! வண்டியில முன்னால தனியாத் தடுத்து, அடியில வைக்கல் போடு. நாகலாபுரத்துக்காரரு வளக்கக் கேட்டிருக்காரு, உருப்படி பன்னெண்டாயிரம்."

டிரைவர் வைக்கோலைப் பரப்பினான். பிச்சையா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்தார். வயிற்றுக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்து, நாலு ஆட்டையும் ஒவ்வொன்றாக, குலுங்காமல் தூக்கி வைத்தார்.