அலையாத்திக்கு வெட்டிய குழி

மாங்காட்டில் நூற்று இருபது வீடுகள் கொண்ட அந்தக் குடியிருப்பில் மழை பெய்தால் கார் நிறுத்துமிடத்தில் முழங்கால் அளவு தண்ணீர். அதற்குச் சங்கச் செயலாளர் சுப்பராயன் கண்டுபிடித்த மருந்து, ஒரே ஒரு அலையாத்திக் கன்று. சுனாமிக்கே ஈடுகொடுத்த மரம், நம் மழைத் தண்ணீருக்கு அஞ்சுமா என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார். எண்பத்தாறு பேர் கைதட்டியிருந்தார்கள்.

ஞாயிறு காலை இரண்டாம் மாடி குல்ஷன் கீழே இறங்கி வந்தபோது ஜேசிபி பத்தடி தோண்டி முடித்திருந்தது. சுப்பராயன் இன்னும் பத்தடி கேட்டுக்கொண்டிருந்தார். முழ உயரம்கூட இல்லாத கன்று, கறுப்புப் பையில் ஓரமாக நின்றது. அதைக் கொடுத்தவளே குல்ஷன்தான். வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் விதை ஊன்றி வளர்த்தது.

"இன்னா சார் இது? கன்னு நடறீங்களா, கெணறு வெட்றீங்களா?"

"அலையாத்தி வேர் அறுபதடி போகும் மேடம். சும்மாவா புயலைத் தாங்குது? எட்டு மணிக்குக் கன்று நடக் கவுன்சிலர் வர்றார். நீங்க லேப்ல மண்ணு கழுவுறவங்கதானே? இது வேற சப்ஜெக்ட்."

குல்ஷனுக்குச் சுருக்கென்றது. பதினான்கு வருடமாக அவள் கழுவுவது அலையாத்திக் காட்டு மண்ணைத்தான். கழிமுகச் சேற்றில் குழாயை இறக்கி மண்ணைத் தூண்போல் எடுத்து வருவார்கள். அவள் அதைச் சாண் சாணாக அறுத்து, சல்லடையில் அலசி, தலைமுடி போன்ற வேரைக்கூட விடாமல் பொறுக்குவாள். கட்டுரையில் பெயர் முனைவர்களுக்கு; வேர் இவள் விரலுக்குத்தான் தெரியும்.

"ஆமா சார், கழுவுறவதான். அதான் சொல்றேன். மொதோ மூணு சாண்லயே வேரெல்லாம் கும்பலா கீது. இடுப்பளவுக்குக் கீழ நூலாட்டம் ஒண்ணு ரெண்டுதான். அது ஆழமா போவாது, அகலமா போவும். சேத்துல காத்து இல்லன்னு மூக்க வெளிய நீட்டிகினு நிக்கிற வேரு சார் அது. இருபதடில எறக்குனா செத்துப் பூடும்."

"கூகுள்ல அப்படிப் போடலையே..."

"கூகுள் சேத்துல கைய வச்சிக்கீதா?"

ஜேசிபி ஓட்டுநர் துலுக்கானம் இன்ஜினை நிறுத்தினான். "நீ சொல்லுக்கா. எத்தினி அடி மூடணும்?"

செயலாளர் வாயைத் திறந்தார். துலுக்கானம் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

"ஒம்போதடி மூடு நைனா."

கவுன்சிலர் வந்தார். "அறிவியல்படி ஓரடி போதும் என்று நான் ஆரம்பத்திலிருந்தே..." என்று சுப்பராயன் மைக்கில் முழங்கினார். எல்லோரும் கைதட்டினார்கள். குல்ஷன் மட்டும் மண்டியிட்டுக் கன்றின் அடியில் மண்ணை அழுத்திக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார், வேர மிதிக்கிறீங்க" என்றாள், நிமிர்ந்து பார்க்காமல்.

கவுன்சிலர் தள்ளி நின்றார்.