ரேம்ப்புக்கு வைத்த பொட்டு

திருப்பதியில் ‘இலவசம்’ என்று ஒரு பலகை மாட்டிவிட்டால் அப்புறம் வேறு விளம்பரமே வேண்டாம். ஜனங்கள் முதலில் வரிசையில் நிற்பார்கள். எதற்கு நிற்கிறோம் என்பதை முன்னால் போய்ச் சேர்ந்த பிறகு கேட்டுக்கொள்வார்கள். தேன்மொழிக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் அலிபிரி போகும் சாலையில், தங்கள் காலனி முகப்பில், ‘கோடை வீதித் திருவிழா: பாட்டு, ஓவியம், ஸ்கேட்போர்டு, அனைவருக்கும் இலவசம்’ என்று தெலுங்கிலும் தமிழிலும் எழுதி மாட்டினாள். விதி யாரை விட்டது?

தேன்மொழி நகரிக்காரி. வீட்டில் விசைத்தறி. அந்தச் சத்தத்தில் வளர்ந்ததால் மெதுவாகப் பேச வராது. அதனாலேயே ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டு டீச்சர் வேலை சுலபமாகக் கிடைத்தது. காலை வேளைகளில் காலனியின் பொது இடத்தில் குழந்தைகளுக்கு ஸ்கேட்போர்டு பழக்கிவிடுவாள். சமுதாயக்கூடம் கட்டப்போவதாகச் சொல்லித் தரையை மட்டும் சிமென்ட்டால் பூசிவிட்டு, மேலே கட்ட மறந்துபோன இடம் அது. பெரிய மனிதர்களின் மறதியால் பிள்ளைகளுக்கு ஒரு நல்லது நடந்ததென்றால் அதுதான்.

அந்தத் தரையின் மேல் விஜயராகவனுக்கு ஒரு கண். அவர் காலனி நலச்சங்கத் தலைவர். யாருடைய நலம் என்று யாரும் கேட்டதில்லை. அவரிடம் கார் இரண்டு, நிறுத்துவதற்கு வாசல் ஒன்று. ஆகவே காலனிக்கே கார் நிறுத்துமிடம் தேவைப்பட்டது.

“நான் இன்னா பிள்ளைங்களுக்கு விரோதியாம்மா?” என்றார் தேன்மொழியிடம். “திருவிழா வெச்சிக்கோ. பிள்ளைங்க ஆடுறத ஜனம் பாக்கட்டும். ‘இது எங்களுக்கு வேணும்’னு நாலு பேரு சொன்னா எடம் உங்களுக்கு. இல்லன்னா பார்க்கிங். திங்கக்கிழமை கல்லு பதிக்க ஆளு சொல்லிட்டேன்.”

“ஜனம் இன்னும் வாயே தொறக்கல. அதுக்குள்ள ஆளு சொல்லிட்டீங்களா சார்?”

“முன்னேற்பாடும்மா” என்றார் பெருந்தன்மையோடு.

தேன்மொழி யோசித்தாள். அந்தத் தரை போனால் பிள்ளைகளுக்கு வேறு தரை இல்லை. தெருவில் ஆட்டோக்களுக்கு நடுவே விடவும் முடியாது. சரி, ஊரே வாயைப் பிளக்கிற மாதிரி ஒன்று செய்து காட்டுவோம் என்று முடிவு கட்டினாள். ஆசாரி தங்கவேலுவைப் பிடித்து, ஆளுயரத்துக்கு ஒரு ரேம்ப் செய்யச் சொன்னாள். ப்ளைவுட்டை வளைத்து அடித்த சறுக்குப் பலகை அது. உச்சியிலிருந்து பிள்ளைகள் சர்ரென்று இறங்கினால் கைதட்டாத கையும் தட்டும். எதிர்வீட்டுக் கல்பனா ஓவியக்காரி. தற்காலக் கலை என்று சொல்லி ரேம்ப் முழுக்க மஞ்சள் பூசி, குறுக்கே சிவப்புப் பட்டைகள் இழுத்துவிட்டாள். அதில் ஒரு ஆழ்ந்த அர்த்தம் இருப்பதாக அவள் சொன்னாள். இருந்தது, ஆனால் அவள் நினைத்த அர்த்தம் இல்லை.

ஞாயிறு சாயங்காலம் வெயில் மலைக்குப் பின்னால் இறங்கியும் அனல் இறங்கவில்லை. ஊர்க்காவல் தெய்வம் கங்கம்மாவின் ஜாத்திரை முடிந்த கையோடு வந்த ஞாயிறு. ஊர்க்காரர்களின் நெற்றியில் குங்குமம்கூட முழுசாக அழியவில்லை. ஒரு பக்கம் காலேஜ் பையன்களின் பாட்டுக்குழு, பாட்டைவிட ஸ்பீக்கரை அதிகம் சோதித்துக்கொண்டிருந்தது. இன்னொரு பக்கம் கல்பனா குழந்தைகளின் கையில் பிரஷ்ஷைக் கொடுத்துவிட்டுத் தன் புடவையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் ஹெல்மெட்டும் முழங்கால் பட்டையும் மாட்டி, யுத்தத்துக்குப் போவதுபோல் நின்றார்கள். முதலில் இறங்கவேண்டியவள் அகிலா; ஐந்தாம் வகுப்பு, தேன்மொழியின் பெருமை.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அப்போதுதான் தேன்மொழிக்குள் இருந்த நகரி எழுந்து நின்றது.

நகரியில் புதுத் தறி இறங்கினால் மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, தேங்காய் உடைக்காமல் ஒரு இழை ஓட்டமாட்டார்கள். புது ரேம்ப், புது மரம், ஏறப்போவது ஊரார் பிள்ளை. கை சும்மா இருக்குமா? ஓடிப்போய் வீட்டிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்து வந்து ரேம்ப்பின் நெற்றியில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தாள். அடியில் எலுமிச்சம்பழம். கற்பூரம் ஏற்றித் தேங்காயை ஓங்கி உடைத்தாள். தேங்காய் சரிபாதியாக உடைந்தது. நல்ல சகுனம் என்று சந்தோஷப்பட்டாள், பாவம்.

சாலையோடு போய்க்கொண்டிருந்த ரத்னம்மா அதைப் பார்த்தாள். பூக்கடைக்காரி, கையில் மீந்துபோன பூக்கூடை. மஞ்சள், சிவப்புப் பட்டை, பொட்டு, கற்பூரம் எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்தாள். செருப்பைக் கழற்றினாள். கூடையிலிருந்து ஒரு முழம் எடுத்து ரேம்ப்பின் உச்சியில் போட்டுவிட்டு விழுந்து கும்பிட்டாள்.

“அக்கா, இது சாமி இல்லக்கா” என்று தேன்மொழி பதறினாள். “பிள்ளைங்க சறுக்கற பலகை.”

“அப்பிடி சொல்லாதம்மா” என்றாள் ரத்னம்மா, பிள்ளைகள் கையிலிருந்த போர்டுகளின் சக்கரங்களைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டே. “பொட்டு வெச்சிட்டு இல்லன்னு சொன்னா ஆத்தாவுக்குக் கோவம் வந்துரும். சக்கரத்தம்மா, காப்பாத்துடி தாயே!”

பெயரும் வைத்தாகிவிட்டது. அவளுக்குப் பின்னால் இரண்டு பேர் நின்றார்கள். இரண்டு பேர் நின்றால் வரிசை. அதுவும் இலவசம் என்று எழுதிய இடத்தில் வரிசை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சாலைவரை நீண்டது. குழந்தைகளைத் தூக்கி வந்து ரேம்ப்பின் காலடியில் கிடத்தினார்கள். பாட்டுக்குழுவை யாரோ மிரட்ட, கிட்டார் பையன் கண்ணை மூடிக்கொண்டு பக்திப் பாட்டு பாடினான். அன்றைக்கு அவனுக்குக் கிடைத்த ஒரே கைதட்டல் அதற்குத்தான்.

“அகிலா, நீ ஏறு” என்றாள் தேன்மொழி, பல்லைக் கடித்துக்கொண்டு. “ஒருவாட்டி எறங்கிக் காட்டு, எல்லாருக்கும் புரிஞ்சிரும்.”

அகிலா ஷூவைப் பார்த்தாள், ரேம்ப்பைப் பார்த்தாள். “கால் பட்டா பாவம் மிஸ்” என்று கையைக் கட்டிக்கொண்டாள். அவளுடைய அம்மா வரிசையில் நின்றிருந்தாள்.

சரி, நானே ஏறுகிறேன் என்று தேன்மொழி போர்டைத் தூக்கிக்கொண்டு ஏறப்போனாள். “செருப்புக் காலோட ஏறுறியே, பைத்தியமா புடிச்சிருக்குது?” என்று ஒரு கூட்டம் கத்தியது. பொட்டு வைத்தவளே அவள்தான் என்பது யாருக்கும் நினைவில்லை. அவளுக்கு மட்டும் நன்றாக நினைவிருந்தது. அந்தக் கையை வெட்டிப் போட்டால் என்ன என்றிருந்தது.

இந்த நேரம் பார்த்து விஜயராகவன் மைக்கைப் பிடித்தார். முகம் முழுக்க மலர்ச்சி. ஒரு பிள்ளைகூட ஆடவில்லை, ஒருத்தரும் பார்க்கவில்லை, வேறென்ன வேண்டும்?

“எல்லாருக்கும் வணக்கம். இந்த ஸ்கேட்டிங்ல யாருக்கும் இஷ்டம் இல்லன்னு தெரிஞ்சுபோச்சு. அதனால நாளைக்கு இத எடுத்துட்டு இங்க கார் பார்க்கிங் வருது.”

பாட்டு நின்றது. வரிசை மொத்தமாகத் திரும்பியது.

“எத எடுக்கற?” என்றாள் ரத்னம்மா. “ஆத்தா எடத்துல கார நிறுத்திக்கினு நீ நல்லா இருந்துருவியா?”

விஜயராகவனின் முகம் செத்துப்போனது. உதவிக்குத் தேன்மொழியைப் பார்த்தார். “அம்மா, நீயே சொல்லும்மா. இது வெறும் பலகைதானே?”

மைக் அவள் கைக்கு வந்தது. உண்மையைச் சொல்லலாம். சொன்னால் ரேம்ப் பலகையாகும், பலகையை நாளைக்கே கழற்றுவார்கள், தரை காருக்குப் போகும். சொல்லாவிட்டால் தரை தப்பிக்கும். அரிச்சந்திரன் சுடுகாடு காத்த கதையை அவளும் பள்ளியில் படித்தவள்தான். ஆனால் எதிரே பிள்ளைகள் ஹெல்மெட்டோடு நின்றார்கள்.

“பலகைன்னு யார் சொன்னது சார்?” என்றாள். குரல் தறிச் சத்தத்தையும் மீறுகிற குரல். மைக் தேவையே இல்லை. “இவ சக்கரத்தம்மா. இவளுக்குப் பூ வேணாம், காசு வேணாம். பிள்ளைங்க தெனம் காலைல சக்கரத்து மேல நின்னு இவள சுத்தி வரணும். அதான் இவ கேக்கற காணிக்கை. தடுத்தவன் குடும்பத்த அவ பாத்துக்குவா.”

அங்கப்பிரதட்சணம் செய்கிற ஊர். சக்கரப் பிரதட்சணத்தில் யாருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை. அகிலாவின் அம்மாவே மகளைப் பிடித்துத் தள்ளினாள், “போடி, சுத்து!” பிள்ளைகள் ரேம்ப்பை வலமாகச் சுற்றிச் சுற்றி வந்தார்கள், ஜனங்கள் கைதட்டினார்கள், கும்பிட்டார்கள். விஜயராகவனும் கும்பிட்டார். அடுத்த வாரமே அவர் சக்கரத்தம்மா ஆலயக் கமிட்டித் தலைவர்.

தரை தப்பியது. ரேம்ப்புக்கு மேலே தகரக் கூரையும் சுற்றிலும் கம்பி வேலியும் வந்தன. அதில் ஒருநாள்கூட, ஒருவர்கூடச் சறுக்கவில்லை. தேன்மொழிக்கு அது ஒரு வலிதான். ஆனாலும் காலையில் சக்கரச் சத்தம் கேட்கும்போது, பொய் சொன்னாலும் பிழைத்தோம் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

மழைக்காலம் முடிந்ததும் சித்தூரில் பிள்ளைகளுக்கான போட்டி நடந்தது. தேன்மொழி தன் படையோடு பஸ்ஸில் போய் இறங்கினாள். அகிலா களத்தில் இறங்கி வலப்பக்கம் வளைந்த வளைவைப் பார்த்து நடுவரே எழுந்து நின்றுவிட்டார்.

“பிரமாதம். இப்ப இடப்பக்கம் சுத்தி வா பாப்பா” என்றார்.

அகிலா நகரவில்லை. அவளுக்குப் பின்னால் நின்ற பிள்ளைகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“மாட்டேன் சார்” என்றாள் அகிலா, பயபக்தியோடு. “அது அப்பிரதட்சணம்.”

நடுவர் திரும்பித் தேன்மொழியைப் பார்த்தார். “பழக்கினது யாருங்க?”

ஊரையே அதட்டுகிற அந்தக் குரல் அவளுக்கு அப்போது வரவில்லை. கையை மட்டும் மெல்லத் தூக்கினாள்.