கண்ணாடிக் கீலில் ஒரு விரிசல்

1

இந்தக் கதையை ஒரு கல்யாணப் பந்தியில் யாரோ சொல்லக் கேட்டேன் என்று தொடங்கத்தான் நினைத்தேன். பொய். இது கேட்ட கதை இல்லை. எங்கே கிடைத்தது என்பதை நான்காம் பகுதியில் சொல்கிறேன். இப்போதே சொல்லிவிட்டால் மேலே எழுதத் தெம்பு இருக்காது. மூன்று வருடத்தில் ஆறு தொடக்கங்கள் எழுதிக் கிழித்தாயிற்று. ஏழாவது இது:

2016-இல், குளச்சலுக்கு மேற்கே ஒரு கடற்கரை ஊரில், மாடியறை ஜன்னலைத் திறந்தால் அலைகள்

(வேண்டாம். கடற்கரை என்றதும் கை தானாக அலைக்கு ஓடுகிறது. கதை அலையைப் பற்றியது அல்ல.)

2

அந்த மாடியறையில் ஜின்சி என்ற பெண் செய்துகொண்டிருந்தது ஆக்மென்டட் ரியாலிட்டி கண்ணாடி. மாட்டிக்கொண்டு போட் எஞ்சினைப் பார்த்தால், எந்த போல்ட்டைத் திருக வேண்டுமோ அதன்மேலேயே ஒரு பச்சை அம்பு தெரியும். நடுக்கடலில் எஞ்சின் மக்கர் செய்தால் மெக்கானிக்கைத் தேடிக் கரைக்கு வர வேண்டாம். நல்ல சாமான்தான். ஒரே ஒரு சனியன், பக்கத்து வீட்டு செசிலி அக்கா வயர்லெஸ் செட்டில் வாயைத் திறந்தால் அம்பு இரண்டு விரற்கடை நகர்ந்து அங்கேயே உறைந்து நிற்கும்.

செசிலியின் கணவர் ஆன்ட்ரூஸ் ஒரு போட்டில் டிரைவர். எஞ்சின் முழுக்க அவர் பொறுப்பு. போனால் பத்து பதினைந்து நாள் கடலில்தான். தினமும் ஆறு மணிக்கு செசிலி மைக் பட்டனை அழுத்திப் பேசுவாள். கரைக்குப் பக்கத்தில் நிற்கும் போட்டுக்கு அது கேட்கும். அவன் அடுத்தவனுக்குச் சொல்வான். அப்படி நாலு வாய் தாண்டி ஆன்ட்ரூஸுக்குப் போய்ச் சேரும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கடல் முழுக்கத் தெரிந்துவிடும்.

ஜின்சி சும்மா இருக்கவில்லை. சிப்புகளுக்குத் தகர மூடி போட்டாள். சட்டத்தின் உள்ளே செம்பு டேப் சுற்றினாள். எல்லாம் அடைபட்டது, கீலைத் தவிர. கண்ணாடி மடங்கும் அந்த இடத்தின் வழியாகத்தான் கேபிள் போகிறது. நாற்பது தடவை மடக்கினால் செம்பில் மயிரிழை விரிசல் விழும். பக்கத்தில் யாராவது மைக் பட்டனை அழுத்தும்போது கிளம்பும் ரேடியோ அலைக்கு அது போதும்; செட் சும்மா கேட்டுக்கொண்டிருந்தால் ஒன்றும் ஆகாது. இன்னும் ஒரு சுற்று ஒட்டினால் கனம் கூடும், சூடு வெளியே போகாது, நெற்றிப் பொட்டுப் பக்கம் சுடும். பதினாலு மணி நேரம் மாட்டியிருந்ததில் அவள் மூக்கில் இரண்டு குழி விழுந்திருந்தது. கண்ணாடியில் முகம் பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

(இங்கே அலைவரிசை பற்றி ஒரு பக்கம் இருந்தது. படித்துவிட்டு நானே கொட்டாவி விட்டதால் எடுத்துவிட்டேன்.)

3

கண்ணாடியைப் பார்த்து முடிவு சொல்லக் கொச்சியிலிருந்து வரவேண்டிய கம்பெனி ஆள் சனிக்கிழமை சாயங்காலம்தான் வர முடியும் என்றார். கீலுக்கான செம்பு வலை வந்துசேர இன்னும் மூன்று வாரம் ஆகும். ஜின்சி மதிலருகே போய் நின்றாள்.

"அக்கா, இண்ணு ஆறு மணிக்கு ஒரு பத்து நிமிசம் செட்டுல மிண்டாம இருப்பியளா?"

"என்ன காரியம் மக்கா?"

"ஒருத்தரு கண்ணாடி பாக்க வாறாரு. நீங்க பேசினா படம் கெட்டுப்போவுது."

செசிலி சிரித்தாள். "எனக்க வாய்க்கு அவ்வளவு பவரா? செரி, பேசேல்ல. கடல்ல எங்க வீட்டுக்காரருதான் கெடந்து பதறுவாரு. பொறவு ஏசிக்கிடட்டும்."

ஆறு மணிக்கு செசிலி மைக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரோ ஒரு போட்காரன் செட்டில் கேட்டான்: "செசிலிக்கு என்ன ஆச்சு? ஆன்ட்ரூஸு கேக்கான்." மூன்று தடவை கேட்டான். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். மாடியில் பச்சை அம்பு போல்ட்டைவிட்டு அசையவில்லை. கொச்சிக்காரர் இரண்டு கண்ணாடியைக் கடலில் சோதித்துப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார்.

ஜின்சிக்குச் சந்தோஷம் வரவில்லை. வெட்கம் வந்தது, அதற்குப் பின்னாலேயே தூக்கமும் வந்தது.

4

முதல் மூன்று வரைவுகளில் ஜின்சியோடு வேலை பார்க்கும் சுஜின் என்று ஒருவன் இருந்தான். டீ வாங்கி வருவான், போட்டோ எடுப்பான். வெறும் தண்டச்சோறு. வெட்டிப் பார்த்தேன். அவனை எடுத்தால் கதை நிற்கவில்லை. ஏனென்றால் சோதனை அறிக்கையை எழுதியவன் அவன். "பத்து நிமிடச் சோதனையில் ரேடியோ இடையூறு ஏதும் காணப்படவில்லை." ஒவ்வொரு சொல்லும் உண்மை.* கீழே கையெழுத்து.

சுஜின் நான்தான்.

* இதற்குப் பிறகு நான் எழுதிய எந்தப் புனைவும் இவ்வளவு சுத்தமாக அமையவில்லை.

அறிக்கை போய்ப் பத்து நாள் இருக்கும். செம்பு வலை வரும்வரை சோதனையைத் தள்ளிப்போடச் சொல்ல ஜின்சி கொச்சிக்குப் போயிருந்தாள். அன்றைக்கு செசிலி வாசலில் வந்து நின்றாள். கரைக்கு வந்திருந்த ஆன்ட்ரூஸின் போட் மறுபடி கிளம்புகிறதாம்.

"அந்தக் கண்ணாடி ஒண்ணு குடு மக்கா. நம்ம புள்ள செஞ்சது மொதல்ல நம்ம ஆளுக்க மூக்குல இருக்கட்டு."

கொடுத்தேன். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். எஞ்சின் ஓடும்போதே பெல்ட்டுக்குப் பக்கத்தில் கைவிட்டுச் சரிபார்ப்பது ஆன்ட்ரூஸ் அண்ணனின் பழக்கம் என்று எனக்குத் தெரியும். வயர்லெஸ் செட் எஞ்சினுக்கு நேர் மேலே இருப்பதும் தெரியும்.

5

மறுநாள் ஆறு மணிக்குச் சற்று முன்னால் ஜின்சி வந்தாள். மேஜையில் ஒரு கண்ணாடிதான் இருந்தது.

"குடுத்தியா?"

தலையாட்டினேன். அவள் செருப்புக்கூட மாட்டாமல் செசிலி வீட்டுக்கு ஓடினாள். எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டு முடிக்கும்வரை செசிலி மைக்கைக் கீழே வைக்கவில்லை.

"அப்போ அண்ணைக்கு நான் வாயைப் பொத்திட்டு இருந்தது இதுக்குத்தானா?" என்றாள். பிறகு மைக்கை ஜின்சியின் கையில் திணித்தாள். "நீயே சொல்லு ஏட்டி. எனக்க வாயில வராது."

ஜின்சி பட்டனில் விரலை வைத்தாள். அழுத்தவில்லை. ஆன்ட்ரூஸின் போட்டுக்குச் செய்தி போய்ச்சேர்ந்தால், மேலே இருப்பவன் "கேட்டுச்சு" என்று பதில் சொல்லப் பட்டனை அழுத்துவான். அந்த நொடியில்தான் கீழே அம்பு நகரும், கையும் அதோடு பெல்ட் பக்கம் போகும். கடலில் பதில் சொல்லாமல் விடுகிறவன் கிடையாது. "கண்ணாடியைக் கழற்றும்வரை பதில் பேசாதே" என்று சொல்லலாம். அது நாலு வாய் தாண்டிப் போக வேண்டும். பேசாமலே விட்டாலும், இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு அந்த செட்டில் யாராவது பேசத்தான் போகிறார்கள்.

இதற்கு மூன்று முடிவு எழுதினேன். ஒன்றில் செய்தி சரியாகப் போய்ச் சேருகிறது. இன்னொன்றில் மூன்றாவது போட்காரன் அதைத் தலைகீழாக மாற்றிச் சொல்லிவிடுகிறான். மற்றொன்றில் கண்ணாடி ஏற்கனவே கடலில் விழுந்துவிட்டது. வரைவைப் படித்தவர்களுக்கெல்லாம் அந்தக் கடைசி முடிவுதான் பிடித்தது.

ஆன்ட்ரூஸ் அண்ணன் இப்போது எந்தக் கையால் சோறு உண்கிறார் என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.

மணி ஆறு. ஜின்சி சொல்ல வேண்டிய அந்த ஒரு வாக்கியத்தை நீங்கள் எழுதுங்கள். நாலு வாய் தாண்டினாலும் கெடாததாக இருக்கட்டும். எழுதி முடித்ததும் கீழே கையெழுத்துப் போடுங்கள், நான் போட்ட மாதிரி.